பாவு பிணைக்கும் நாளில் ஒரு பாகல் சுருள்

“...அதுக்கோசரம் அந்த நுனிய அப்படியே அந்தரத்துல வுட்டுடுவியா? பாக்கற எனக்கே கை நமநமன்னு இருக்குது. இவ்ளோண்டு தூரம்தான். எடுத்து ஒரு சுத்து சுத்தி வுட்டா முடிஞ்சிச்சி” என்றார் என் நாத்தனார்.

கறுப்புத் துணித் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுகையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பல். அந்த விரல்களுக்கும் என் மேஜை மேலிருந்த பாகற்கொடியின் சுருளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. என் கையில் கேமராவின் ரிமோட். தொடாதீங்கக்கா என்று கத்தியிருக்கலாம். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார், முந்தானை மேஜையில் படும், எல்லாம் போய்விடும். அதனால் வாயைத் திறக்காமல் கண்ணால் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

அந்த நுனி ஏன் அந்தரத்தில் நின்றது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பூச்சிகள் செய்கிறவள். களிமண், கம்பி, சோளக்கதிரின் தோல், பப்பாளி விதை, தறியில் கழிந்து விழும் பட்டு நூல், இவைதான் என் சாமான்கள். செய்த பூச்சியைக் கடுகளவு கடுகளவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் பிடித்து, சேர்த்து ஓட்டினால் அது நடக்கும், பறக்கும். இதை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பட்டு நெய்கிற வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது, மழைக்காலத்தில் தறி விளக்கைச் சுற்றி வந்து விழும் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தேன். நகர்த்துவதைப் போனில் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் படத்தில் ஒரு எறும்பு ஒரு அரிசியை இழுத்துக்கொண்டு எங்கள் சமையல் மேடையைத் தாண்டும். அதை எடுத்த வாரம் முழுக்க வீட்டில் ஓட்டல் சாப்பாடு. அப்போது இதே நாத்தனார் சொன்னது: “ஒரு எறும்பு மேடைய தாண்ட ஒரு வாரமா? இதுக்குள்ள நெச எறும்பு சக்கரை டப்பாவையே காலி பண்ணிட்டு பூடும்.”

ஜனங்கள் சொல்வதை நான் விடமாட்டேன். மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். எனக்கு வாத்தியார் என்று யாராவது இருந்தால் அது ஜனங்களின் வாய்தான். ஒரு பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் பெரிதாக ஒரு வெட்டுக்கிளி செய்து வைத்திருந்தேன். எல்லோரும் தத்ரூபம், தத்ரூபம் என்றார்கள். பெரணமல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நல்லாதான் கீது. ஆனா இதுக்கு பசி பத்தலம்மா. என் வயலுக்கு வர்றது இவ்ளோ மரியாதியா நிக்காது” என்றார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு பூச்சியைச் செய்வதற்கு முன்னால் அது என்ன சாப்பிடும், எப்படிச் சாப்பிடும் என்று பார்க்காமல் களிமண்ணில் கைவைப்பதில்லை.

பிறகு சென்னையில் படம் எடுக்கிறவர்கள் சிலர் பூச்சிக் கால்கள், சிறகுகள் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். வருஷக்கணக்கில் செய்து கொடுத்தேன். என் கால்கள் யார் யார் படத்திலோ நடந்தன. எனக்கென்று ஒரு படம் எடுக்கத் துணிந்தது இந்த வருஷம்தான். கும்பிடுபூச்சியைப் பற்றிய சின்னப் படம். அது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து எல்லோரும் சாமி கும்பிடுகிறது என்று நினைக்கிறார்கள். அது கும்பிடவில்லை, பிடிக்கக் காத்திருக்கிறது. என் படத்தில் அது கடைசிவரை எல்லாவற்றையும் பிடிக்கும். கடைசிக் காட்சியில் ஒரு கொடி வந்து அதைப் பிடிக்கும்.

சென்னையில் சின்னப் பிள்ளைகளுக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு அம்மாவுக்கு, கடைசிக் காட்சி இல்லாமல் அனுப்பி வைத்தேன். அதில் கொடியைக் கம்பியால் செய்வதாக யோசனை. அவர் போனில் சொன்னார்: “எல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா எல்லாமே உங்க கையில இருக்கு. ஏதாவது ஒன்னு உங்க கைய மீறி வரட்டும். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சு அனுப்புங்க. புடிச்சிருந்தா வர்ற வருஷம் பூரா உங்க பூச்சிங்கதான்.”

கையை மீறி வருவது என்றால் எது? நிஜக் கொடிதான். மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் ஒரு பாகற்கொடி வைத்திருந்தேன். பாகல் பற்றி ஏறுவதற்காக நீட்டும் மெல்லிய சுருள், கண் தெரியாதவர் கையை நீட்டித் துழாவுவதுபோல் காற்றில் மெதுவாக வட்டமிடும். எதிலாவது பட்டுவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வளைந்து பிடித்துக்கொள்ளும். பிடித்ததைப் பிரித்துத் திரும்பவும் பிடிக்கச் சொல்ல முடியாது. ஒரு சுருளுக்கு ஒரு தரம்தான். அது தானாகத் துழாவி வந்து என் பூச்சியின் தூக்கிய கையைப் பிடிக்க வேண்டும். அது வரும் நேரமெல்லாம் பூச்சி தலையை இம்மி இம்மியாகத் திருப்பி அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

இதில் எங்கள் வீட்டுச் சங்கடம் ஒன்று உண்டு. எங்கள் கூடத்தில் தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறி. அதே கூடத்தின் மூலையில், திரைக்குப் பின்னால் என் மேஜை. தறியில் நூலை நெருக்கும் பலகை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், தரையோடு மேஜையும், மேஜையோடு பூச்சியும். தறி ஓடும்போது எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால் கும்பிடுபூச்சிக்கு ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “பாவம், ஒரு மாத்திர குடேன்” என்றார். வீடு மாற வசதியில்லை. தறியை நிறுத்தச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை, சாப்பாடு அதிலிருந்துதான் வருகிறது. இந்த வருஷம் என் படம் ஒரு வழிக்கு வரவில்லையென்றால் அந்த மூலையில் இரண்டாவது தறி போட்டுவிடுவது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தோம். அவர் வற்புறுத்தவில்லை. நானும்தான் ஒத்துக்கொண்டேன். ஆகவே அந்தச் சுருள் பிடித்தால் எனக்கு அந்த மூலை. பிடிக்காவிட்டால் திரையைக் கழற்றி மடித்து வைக்க வேண்டியதுதான்.

தறி சும்மா இருக்கும் நாள் என்று எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. பாவு பிணைக்கும் நாள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் வாலைத் தறியிலேயே விட்டிருப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த வாலின் ஒவ்வொரு இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. சத்தமே வராத வேலை. என் நாத்தனார் அதில் கெட்டிக்காரர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், சுற்று வட்டாரத்தில் பாவு பிணைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பிணைத்ததை அவரே திருப்பிப் பிணைத்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அதில் பெருமையும் உண்டு. “எங்கையில வந்த நுனி வூட்டுக்கு போயி சேந்துச்சின்னு அர்த்தம்” என்பார்.

இந்தப் பாவு ஒரு கல்யாணப் புடவைக்கு. முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது, பெண் வீட்டார் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வேறு. கடைசி இழையைப் பிணைத்ததும் பாவைச் சும்மா விடக்கூடாது. கற்பூரம் காட்டி, அப்போதே தறியில் உட்கார்ந்து நாலு விரற்கடையாவது நெய்துவிட வேண்டும். பிணைத்து முடித்த பாவு காத்திருந்தால் புடவை கட்டுகிறவளும் காத்திருப்பாள் என்று என் நாத்தனாருக்கு உறுதியான நம்பிக்கை. அதனால் எனக்குக் கிடைத்தது அவர் விரல் வேலை செய்யும் நேரம் மட்டும்தான். அவர் முடித்தால் தறி ஆடும்.

அவர் பிணைக்க உட்கார்ந்த முதல் நாள் காலையில் வாளியை இறக்கி மேஜையோரம் வைத்து, நல்ல இளம் சுருளாக ஒன்றைப் பூச்சியின் பக்கம் திருப்பி விட்டேன். மதியத்துக்குள் அது பூச்சிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த வட்டத்தில் பட்டுவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு நேரம்தான்.

வந்து பார்த்தால் சுருள் பூச்சியின் கையை அழகாக இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நுனி உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது. மேலே சாம்பல்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நாத்தனார் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “அறுந்த இழயாட்டம் தொங்கிகினு இருந்திச்சி. சேத்து வுட்டேன்” என்றார். உபகாரம் செய்த முகம்.

“அது தானா வந்து புடிச்சிக்கணுங்கக்கா” என்றேன். படங்களை ஓட்டிக் காட்டினேன். மெதுவாக, மெதுவாக ஒரு பச்சை விரல் நெருங்கி வருகிறது. அடுத்த படத்தில் சாம்பல் பூசிக்கொண்டு பூச்சியின் கையில் இருக்கிறது. திருடன் குதித்தாற்போல. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

“தானா புடிச்சிக்குமா? செடிக்கு கை கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்” என்றார் நாத்தனார். பிறகு நான் எதுவும் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாம்மா, ஒரு கொடி போனா இன்னொரு கொடி. இதுக்கு போயி மூஞ்ச தூக்கி வெச்சிகினு. உன் பூச்சிக்கு கீற மரியாத இந்த வூட்டுல எனக்கு கெடையாதா?”

“அப்படி இல்லக்கா” என்றேன். இன்னொரு கொடி இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? வெயிலில் கொடி காய்ந்து வந்துகொண்டிருந்தது. கீழே இருந்த சுருள்களெல்லாம் குச்சியைப் பிடித்து மஞ்சளாகிவிட்டன. உச்சியில் ஒன்றே ஒன்று, அன்றைக்குத்தான் மடிப்பு விரிந்து நீள ஆரம்பித்திருந்தது. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் அவர் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். பாவில் பெரும்பங்கு முடிந்திருந்தது.

மறுநாள் அவர் வரும்போதே நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். பூச்சியின் கையில் ஒட்டியிருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்து, கழுத்து மூட்டைச் சரிசெய்து, கடைசிச் சுருளை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் அக்காவும் பேசுவது கேட்டது.

“மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமாக்கா?”

“ஜல்தி ஜல்தின்னா? எங்கையி இன்னா மிஷினா? முடிஞ்சிடும், முடிஞ்சிடும். நீ கற்பூரத்த எடுத்து வெய்யி.” கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தாமல், எனக்குக் கேட்கட்டும் என்றே, “உள்ள கீறவங்க இன்னிக்கி பேசுவாங்களா, இல்ல இன்னிக்கும் பூச்சிகூட மட்டும்தானா?” என்றார்.

“பேசுவேங்கக்கா. முடிச்சிட்டு பேசறேன்” என்றேன் இருந்த இடத்திலிருந்தே.

“முடிச்சிட்டு பேசறாளாம். எங்கூட பேசறதுக்கே ரிசர்வேஷன் பண்ணணும்போல.”

சிரிப்பு வந்தது. சிரித்தால் மேஜை ஆடும் என்று அதையும் விழுங்கினேன்.

சுருள் முதல் வட்டம் போட்டது. பூச்சியிலிருந்து ஒரு விரல் தள்ளிப் போனது. நான் பூச்சியின் தலையை இம்மி திருப்பி, கையை எடுத்துவிட்டு, ரிமோட்டை அழுத்தி, திரும்பவும் தலை. இரண்டாவது வட்டத்தில் அரை விரல். வெளியே சாம்பல் கிண்ணம் தரையில் நகரும் சத்தம் மட்டும் அவ்வப்போது வந்தது. அவர் ஒரு கொத்து முடித்து அடுத்த கொத்துக்கு நகரும்போதெல்லாம் கிண்ணத்தையும் இழுத்துக்கொள்வார். அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எனக்கு மிச்சமிருந்த நேரம் குறைந்தது. மனசுக்குள் சுருளைத் திட்டினேன். சீக்கிரம் வாயேன், பக்கத்தில்தானே இருக்கிறது, கண்ணில்லையா என்று. அதற்கு ஏது கண்? என் நாத்தனாரின் விரல்களுக்குக் கண் உண்டு. அதுதான் என் கஷ்டம்.

தெருவில் ஏதோ வண்டி தாண்டியது. தரை லேசாக உறுமி அடங்கியது. பூச்சி அசையவில்லை. மூன்றாவது வட்டத்துக்குச் சுருள் திரும்பியபோது அதன் நுனி கொஞ்சம் கொக்கிபோல் மடிய ஆரம்பித்திருந்தது. மடிந்தால் அது பிடிப்பதற்குத் தயார் என்று அர்த்தம். நாலைந்து கடுகளவு தூரம். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கிண்ணத்தின் சத்தம் நின்றுவிட்டது.

“முடிஞ்சிச்சாக்கா?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் தறிக் குழியில் காலை இறக்குவதும், மிதியைத் தேடி வைப்பதும் எனக்குக் கேட்டது.

“ஒரே ஒரு பிடிதான் பாக்கி. இரு, இடுப்பு புடிச்சிகிச்சி, நிமிந்துட்டு வரேன்” என்றார் நாத்தனார். எழுந்தவர் நேராகத் திரையிடம் வந்து விலக்கினார். வந்ததும் அவர் கண் போனது சுருளின் மேல்தான். அப்போது சொன்னதுதான் ஆரம்பத்தில் நான் எழுதியது. கொடி தானாகத்தான் பிடிக்க வேண்டும், நேற்று நீ சொன்னது சரிதான் என்றெல்லாம் முணுமுணுத்துவிட்டு, அதுக்கோசரம் அந்த நுனிய அப்படியே அந்தரத்துல வுட்டுடுவியா என்று கேட்டார்.

விரல்கள் தாமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. முறுக்குவதற்கு முன்னால் அவை செய்யும் அசைவு. அவர் நினைத்துச் செய்யவில்லை. நாற்பது வருஷப் பழக்கம், நுனியைக் கண்டால் விரல் எழும்.

நான் ரிமோட்டை அழுத்தினேன். பூச்சியின் தலையை இம்மி திருப்பினேன். திரும்பவும் அழுத்தினேன்.

அவர் நான் செய்வதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார், கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு பச்சை நுனியும், கையைத் தூக்கிய ஒரு பூச்சியும், நடுவே ஒரு மயிரிழை வெளிச்சமும்.

“அது நகருது” என்றார் மெதுவாக.

“ஆமாங்கக்கா.”

“நெசமாவே தேடிகினுதான் கீது.”

“ஆமாங்கக்கா.”

“இன்னும் எவ்ளோ நேரம்?”

“தெரியலக்கா. அதுக்குதான் தெரியும்.”

“அக்கா, கற்பூரம் ஏத்தட்டா?” என்றார் என் வீட்டுக்காரர் தறியிலிருந்து. “பொண்ணு வூட்டுக்காரங்க மத்தியானம் வரேன்னு இருக்காங்க. ஒரு சாண் நெய்ஞ்சி காட்டிடலாம்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவரிடம் நான் என்ன கேட்க முடியும்? முடித்துவிட்டுக் காத்திருங்கள் என்றால் அவர் நம்பிக்கைக்கு விரோதம். கல்யாணப் புடவை வேறு. முடிக்காமல் உட்காருங்கள் என்றால் பாக்கி இருப்பது ஒரு பிடி, அதைப் பிணைக்க ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது, அவர் தம்பிக்குத் தெரியாதா? கேமராவின் பக்கம் திரும்பிவிட்டேன்.

திரை மூடிக்கொண்டது. அவர் காலடி தறியை நோக்கிப் போவது கேட்டது. உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது. நான் அழுத்தினேன், திருப்பினேன், அழுத்தினேன்.

“ஏத்தட்டாக்கா?”

“இரு, இரு. கற்பூரத்த உள்ள வெய்யி” என்றார் நாத்தனார், தெரு முழுக்கக் கேட்கும் குரலில். “இங்க ஒரு கொத்து எனக்கு சரியா வுழல. திருப்பி போடணும்.”

“உங்களுக்கா? சரியா வுழலியா?”

“ஆமா, எனக்குதான். போயி ஊர் பூரா சொல்லிட்டு வா.”

திரையின் ஓரத்து இடுக்கு வழியாக எனக்கு அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன. அன்று காலையிலிருந்து பிணைத்திருந்த இழைகளில் நல்ல தடிமனாக ஒரு கொத்தைப் பிரித்து எடுத்தார், ஒரு தரம் விரலால் நீவிப் பார்த்தார், ஒரு முறுக்கில்கூட விரல் தட்டவில்லை, பட்டென்று இழுத்து அறுத்தார். பிறகு சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு நுனியைத் தேடி எடுத்தார்.